எண்ணிப் போனது எண்ணி வர வேண்டும்

ஷெல்டனின் முகத்தில் இருக்கிற அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள் அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்கள்.

அடித்தது நான்தான்.

வேறு யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். மேல் உதட்டில் தொடங்கித் தாடை வரைக்கும் இறங்குகிற தழும்பு, முன்வரிசையில் இல்லாத இரண்டு பல், எல்லாம் என் கை வேலை. சுறாவின் தலையில் அடிக்கிற கட்டையால் அடித்தேன். புளியங்கட்டை. அடித்தது இடது கையால். வலது கையால் அடித்திருந்தால் நீங்கள் இன்றைக்கு மாப்பிள்ளை விசாரிக்க வந்திருக்க மாட்டீர்கள், அவன் இருந்திருக்கவே மாட்டான்.

நீங்கள் பெண்ணைப் பெற்றவர். மணக்குடியிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். பையன் குடிகாரனா, அடிதடிக்காரனா, யாரோடு மல்லுக்கட்டி முகத்தை உடைத்துக்கொண்டான் என்று விசாரிப்பது உங்கள் கடமை. அவனிடமே கேட்டீர்களா? என்ன சொன்னான்? மெஷினில் தட்டிவிட்டது என்றானா? அதுதான். அதைத்தான் சொல்வான். அந்தப் பொய்யைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் பேச வராது. வீட்டுக்கு ஆள் வந்தால் பின்வாசல் வழியாகப் போய்விடுகிற ஆள் நான். படிப்பும் அஞ்சாம் வகுப்போடு சரி. ஆனால் எண்ணத் தெரியும். நடுவில் கேள்வி கேட்காதீர்கள். விட்ட இடம் மறந்துபோனால் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும். முழுக்கக் கேளுங்கள். கேட்டுவிட்டு அவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் வலை. எங்களுக்கு இங்கே தூண்டில். ஆயிரங்கால் தூண்டில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மைல் கணக்கில் நீளமான ஒரு தாய்க்கயிறு. அதில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கிளைக்கயிறுகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு தூண்டில், அதில் இரை. நடுநடுவே மிதவை. சாயங்காலம் கடலில் இறக்கிக்கொண்டே போவோம், விடிந்ததும் இழுக்க ஆரம்பிப்போம். நாங்கள் போடுவது சூரை வகை மீனான கேரைக்கும் சுறாவுக்கும்தான். ஆனால் தண்ணீருக்குள் கிடக்கிற இரையை யார் வந்து கடிப்பார்கள் என்று நாம் சொல்ல முடியுமா? ஆமை கடிக்கும். ஓங்கில், அதுதான் டால்பின், வந்து கயிற்றில் சிக்கும். இரையை இறக்கும்போதே கடல்பறவை பாய்ந்து விழுங்கிவிட்டுத் தூண்டிலோடு தண்ணீருக்குள் போகும்.

என் வேலை தூண்டில்களை அடுக்குவது. கயிற்றைப் பெட்டிக்குள் வளைத்து வைத்து, தூண்டில்களைப் பெட்டியின் விளிம்பில் வரிசையாகக் குத்தி, எண்ணி, கடலுக்குள் விடுவேன். வரும்போது எண்ணி வாங்குவேன். எண்ணிப் போனது எண்ணி வர வேண்டும். படகில் ஏறுகிற எல்லாரிடமும் முதல் நாள் நான் சொல்வது இது ஒன்றுதான். கஞ்சத்தனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை. காணாத தூண்டில் காற்றில் கரைந்துபோகாது. யாரோ ஒருவனுடைய உடம்பில் ஏறுவதற்காகத் தளத்தில் எங்கேயோ கிடக்கும். ஒரு தடவை ஒன்று குறைந்தது. சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். மத்தியானம் சோறு தூக்கிக்கொண்டு வந்தவனின் குதிகாலில் இருந்தது. அன்றிலிருந்து கிளிட்டஸ் ஸ்ராங்கு என் எண்ணிக்கையில் தலையிட மாட்டார். ஸ்ராங்கு என்றால் படகை ஓட்டுகிற தலைவர். அவர் அந்தச் சுக்கான் கூண்டுக்குள் ராஜா. தூண்டில் பெட்டிக்கு நான்.

ஆமை தூண்டிலை விழுங்கிவிட்டால் என்ன செய்வோம் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? சரி, சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. ஆமையின் தொண்டைக்குள் கை விட்டிருக்கிறீர்களா? முழுக்க முள். வெள்ளை வெள்ளையாக, எல்லாம் வயிற்றைப் பார்த்துச் சாய்ந்த முள். உள்ளே போனது வெளியே வராது. அதனால் ஆமையைத் தூக்கி மல்லாக்கப் போடுவோம். ஒருவன் அடிவயிற்றின் மேல் ஏறி நிற்பான். நான் கழுத்தைப் பிடித்து இழுத்து, ஓட்டுக்கு வெளியே வந்த இடத்தில் கோடாலியால் ஒரு வெட்டு. தொண்டைக்குழலை உருவினால் தூண்டில் வந்துவிடும். கழுவிப் பெட்டியில் குத்திவிடலாம். மிச்சத்தைக் கடலில் தள்ளிவிடுவோம். ஆமைக்கறி நாங்கள் தின்பதில்லை. தலையில்லாமல் அது துடுப்பை அடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் மிதக்கும். பார்ப்பதற்குச் சங்கடமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். நான் பார்ப்பதில்லை. அடுத்த தூண்டில் வந்துகொண்டிருக்கும்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த படகில்தான் ஷெல்டன் வந்து ஏறினான். அவன் அப்பனும் நானும் ஒரே தெரு. முறைக்கு என்னை மாமா என்பான். கை சுறுசுறுப்பு, குறை சொல்ல முடியாது. இழுவை மெஷின் பக்கத்தில் நின்று, தண்ணீரிலிருந்து வருவதைப் பார்த்துப் படகுக்குள் எடுக்கிற வேலை அவனுக்கு. அவன் எடுத்துக் கொடுப்பான், நான் தூண்டிலை வாங்கி எண்ணுவேன்.

அந்த வருஷம்தான் நாங்கள் மீன் இறக்குகிற கொச்சித் துறைமுகத்தில் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ஸ்ராங்கிடம் பேசினார்கள். ஆமை சாகிற படகின் கேரையை வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டானாம். ஒரு பெட்டி நிறையப் புதுத் தூண்டில் கொடுத்தார்கள். வட்டத் தூண்டில். நம் பழைய தூண்டிலின் முனை மேலே நிமிர்ந்து நிற்கும். இது கிளிமூக்கு மாதிரி உள்பக்கமாக வளைந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆமை விழுங்கினாலும் தொண்டையில் குத்தாமல் வாய் ஓரத்துக்கு வந்துதான் மாட்டுமாம். இனிமேல் கிளையில் கம்பி வேண்டாம், தங்கூசி போதும் என்றார்கள். தங்கூசி என்றால் நைலான் நரம்பு. தேவையில்லாத சுறா கடித்துக்கொண்டு போய்விடும், ஆமை வந்தால் கத்தியால் அறுத்துவிடலாம். ஆமை வாயிலிருந்து தூண்டிலை எடுக்க நீளமாக ஒரு கொக்கிக் கம்பும் தந்தார்கள். எது நல்லது என்று பார்ப்பதற்காக ஒன்று பழையது, ஒன்று வட்டம், ஒன்று பழையது, ஒன்று வட்டம் என்று மாற்றி மாற்றிக் கட்டச் சொன்னார்கள்.

நான் ஒரு வட்டத் தூண்டிலை எடுத்து எல்லார் முன்னாலும் என் உள்ளங்கையில் வைத்து இழுத்தேன். குத்தவில்லை. உரசிக்கொண்டு போனது. மறுபடியும் அழுத்தி இழுத்தேன். ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான்.

"மனுசன் கையிலயே ஏறல்ல, மீனு வாயிலயா ஏறப் போவுது?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஷெல்டன் மட்டும் அதை என் கையிலிருந்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, ஒங்க கையைப் பிடிக்கவா நாம கடலுக்குப் போறோம்?" என்றான்.

அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். பெரியவர் என்ற மரியாதை கிடையாது பாருங்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

வட்டத் தூண்டிலில் மீன் ஏறியது. அது உண்மை, உள்ளதைச் சொல்ல வேண்டும். கேரை உதட்டோரத்தில் மாட்டி உயிரோடு வந்தது. ஆமையும் வந்தது. ஷெல்டன் கொக்கிக் கம்பை வாய்க்குள் கொடுத்து ஒரு திருகு திருகினான், தூண்டில் கழன்று கையில் வந்தது. ஆமையைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் தண்ணீரில் இறக்கி விட்டான். சரி. தூண்டில் வந்துவிட்டது, எனக்கென்ன?

ஆனால் பழைய தூண்டிலை விழுங்கிய ஆமை வந்தால்? நான் கோடாலியோடு போவதற்குள் அவன் வாய்க்குப் பக்கத்தில் தங்கூசியை அறுத்து ஆமையை விட்டுவிடுவான். தூண்டில் போச்சு. அன்றைக்கு எண்ணினால் நாலு குறைகிறது. மறுநாள் ஆறு. நாற்பது வருஷத் தொழிலில் எனக்கு இப்படிக் குறைந்ததே இல்லை.

"லேய், தூண்டி எங்கலே?" என்று கேட்டேன்.

"ஆமைக்குள்ள கெடக்கு மாமா. நீங்க வேணும்னா போயி எண்ணிட்டு வாங்க."

"வயித்துல தூண்டியோட அது பிழைக்குமாலே? சாவத்தானே போவுது?"

"ஒண்ணு ரெண்டு பிழைக்கும்னு சொல்லுதாவ. நீங்க வெட்டுனது ஒண்ணாவது பிழைச்சிருக்கா?"

எல்லாரும் கேட்கும்படி சொன்னான். எனக்குக் கூட்டத்தில் பேச வராது என்று சொன்னேனே. பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து மறுபடியும் எண்ணினேன். எண்ணினால் எனக்கு மனசு அடங்கும். அன்றைக்கு அடங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கும்போது பழைய தூண்டில்களிலிருந்து தங்கூசியை எடுத்துவிட்டுக் கம்பியைக் கட்டினேன். வட்டத் தூண்டிலை நான் தொடவில்லை, அது ஆராய்ச்சிக்காரர்களுடையது. நம்முடையதற்கு மட்டும் கம்பி. இனி அவன் கத்தி என்ன செய்யும் பார்க்கலாம். யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பெட்டி என்னுடையது.

மறுநாள் விடிந்ததிலிருந்தே மூர்க்கமான இழுப்பு. கடலும் சரியில்லை, படகு ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. கம்பி கட்டினேன் அல்லவா, கடித்துக்கொண்டு போகிற சுறாவெல்லாம் போக முடியாமல் வந்தது. ஒன்று ஏறியதும் வாலால் இரைக்கூடையை அடித்து நொறுக்கியது. நான் கட்டையை எடுத்து மூக்கின் மேல் ஒன்று, கண்ணுக்குப் பின்னால் ஒன்று போட்டேன். மூன்றாவது அடி தேவைப்பட்டால் அடித்தவன் சரியில்லை என்று அர்த்தம். தளமெல்லாம் ரத்தம். தண்ணீரை வாரி ஊற்றி முடிப்பதற்குள் அடுத்தது. வயிற்றுப்பிள்ளையோடு ஒரு தாய்ச்சுறா வந்தது. அது துள்ளிய துள்ளலில் இரும்பு விளிம்பு கிழித்து, குட்டிகள் தளத்தில் கொட்டின. எல்லாம் உயிரோடு, முழ நீளத்துக்கு. ஷெல்டன் குனிந்து ஒவ்வொன்றாக வாலைப் பிடித்துக் கடலில் போட்டான். ஒன்பது. நான் எண்ணினேன். ரத்த வாசனைக்குக் கீழே கூடியிருந்த பெரிய சுறாக்கள் ஒன்பதையும் தின்றன. அதையும் எண்ணினேன்.

"கண்டியாலே உனக்க புண்ணியத்தை?" என்றேன்.

அவன் கால் வழியாக அந்தத் தாயின் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

பாதிக் கயிறு ஏறியிருக்கும். மெஷின் முனகத் தொடங்கியது. கயிறு விறைத்து நின்றது. ஷெல்டன் எட்டிப் பார்த்துவிட்டு, மெஷினை நிறுத்தினான்.

தோணி ஆமை. ஏழுவரி ஆமை என்று சில ஊரில் சொல்வார்கள். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கவிழ்த்துப் போட்ட சின்ன வள்ளம் போல இருந்தது. முதுகில் ஓடு கிடையாது, கறுப்புத் தோல், அதில் நெடுக வரி வரியாக மேடு. இது விழுங்கவில்லை. முன்துடுப்பின் அக்குளில் பழைய தூண்டில் ஏறி, கம்பி துடுப்பைச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. இரவெல்லாம் திமிறியிருக்கிறது. கம்பி தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பில் போய் நின்றது. வெள்ளையாகத் தெரிந்தது. அது தலையைத் தூக்கி மூச்சு விட்டது. மனிதன் பெருமூச்சு விடுகிற மாதிரியே இருக்கும்.

ஷெல்டன் படகின் விளிம்பில் வயிறு பதியப் படுத்துக் கையை நீட்டிக் கத்தியை வைத்தான். கத்தி வழுக்கியது. மறுபடி வைத்தான். வழுக்கியது. தடவிப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

"மாமா, இதில கம்பி எப்படி வந்துது?"

"தூண்டி திரும்பி வராண்டாமாலே?" என்றேன்.

கெட்ட வார்த்தை ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"இன்ஜின் டிரைவருகிட்ட கம்பி வெட்டுற கட்டர் கெடக்கு. எடுத்துட்டு வாரேன். நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா நில்லுங்க மாமா, ஒங்களைக் கும்புடுதேன்" என்று சொல்லிவிட்டு இன்ஜின் அறைக்கு ஓடினான்.

சும்மா நிற்கவா நான் நாற்பது வருஷம் கடலுக்குப் போனேன்? அந்தத் துடுப்பு எப்படியும் பாதி அறுந்துவிட்டது. அது போனால் தூண்டிலும் கம்பியும் நம் கைக்கு வரும், ஆமையும் தன் பாட்டுக்குப் போகும். இரண்டு பேருக்கும் நல்லது. கோடாலியை எடுத்தேன். விளிம்பில் ஒரு முழங்காலை ஊன்றி, தோளும் துடுப்பும் சேர்கிற இடம் பார்த்து ஒரு வெட்டு. சரியான இடம். மற்ற ஆமைக்கு ரத்தம் குளிர்ந்திருக்கும். இதற்கு வெதுவெதுப்பு. முகத்தில் அடித்தது, கண் தெரியவில்லை. இன்னொரு வெட்டு, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதற்குள் ஷெல்டன் பின்னாலிருந்து "மாமா!" என்று கத்தினான். அதில்தான் என் கை தவறியது. அவன் மட்டும் கத்தாமல் இருந்திருந்தால்!

ஆமை கீழே பாய்ந்தது. அது பாய்ந்த வேகத்துக்கு மெஷினிலிருந்து கயிறு நழுவிவிட்டது. தளத்தில் வளையமாகக் கிடந்த தாய்க்கயிறு சரசரவென்று கடலுக்குள் ஓடியது, கிளைகளும் தூண்டில்களும் கூடவே பறந்தன. என் கையிலிருந்த கோடாலி எங்கே போனதென்று தெரியாது. வலது உள்ளங்கையில் யாரோ காய்ச்சிய கம்பியை வைத்த மாதிரி இருந்தது. பார்த்தால் தூண்டில். உள்ளங்கையில் ஏறி, புறங்கையில் முனை வெளியே வந்திருந்தது.

பழைய தூண்டில்தான். வட்டமாக இருந்திருந்தால் உரசிக்கொண்டு போயிருக்கும், நான்தான் முன்பே இழுத்துக் காட்டினேனே. இது பிடித்தது. நல்ல தூண்டில்.

அடுத்து என் தோள் விளிம்பில் மோதியது. நெஞ்சு மோதியது. கை முழுக்க வெளியே நீண்டுவிட்டது, அந்தப் பக்கம் ஆமையும் அத்தனை கயிறும் இழுக்கிறது, இந்தப் பக்கம் நான். கால் தளத்தை விட்டு எழுந்துவிட்டது. கீழே தண்ணீரைப் பார்த்தேன். காலையிலிருந்து ஊற்றிய ரத்தத்துக்கு வந்த கூட்டம் இன்னும் போகவில்லை. என் கையிலிருந்து சொட்டியது அதில்தான் விழுந்தது. ஒரு மூக்கு மேலே வந்து அந்த இடத்தை முகர்ந்துவிட்டுப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். வேறு என்ன செய்வது?

ஷெல்டன் கட்டரை எறிந்துவிட்டுப் பாய்ந்து ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்தான். மற்றக் கையால் என் கையிலிருந்து போகிற கிளையில் கத்தியை வைத்து இழுத்தான். அதுவும் கம்பிதான். நான் கட்டிய முடிச்சு, நான் கட்டிய கம்பி. கத்தியின் வாய் நொறுங்கித் தெறித்தது, கம்பிக்கு ஒரு கீறல் இல்லை. என் தலை விளிம்பைத் தாண்டிவிட்டது. அப்போது அவன் அந்தக் காரியத்தைச் செய்தான்.

தாய்க்கயிற்றில் கத்தியை வைத்தான்.

நான் கத்தினேன். "தாய்க்கயித்தில வைக்காதலேய்! வைக்காதே!" என்று கத்தினேன். அவன் காதில் வாங்கவில்லை. நொறுங்கிய கத்தியால் அறுஅறுவென்று அறுத்தான். பட்டென்று தெறித்தது. நான் மல்லாக்கத் தளத்தில் விழுந்தேன்.

அண்ணாச்சி, வலைக்காரரான உங்களுக்கு இது எப்படிப் படும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தொழிலில் தாய்க்கயிற்றில் யாரும் கத்தி வைப்பதில்லை. அதற்கு அந்தப் பக்கம் இழுக்க வேண்டியது பாதி பாக்கி இருந்தது. நானூற்றுப் பதினெட்டுத் தூண்டில். நானூற்றுப் பதினெட்டு! நான் விழுந்த இடத்திலிருந்து பார்க்கிறேன். ஆமைக்கு அடுத்த மிதவை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு அமிழ்ந்தது. எழவில்லை. ஷெல்டன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, அந்த மிதவை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு அப்போதும் ஆமைதான் கவலை.

கட்டை என் இடது கைக்குப் பக்கத்தில் கிடந்தது. எழுந்தேன். என் காலடிச் சத்தம் கேட்டு அவன் திரும்பினான். திரும்பிய முகத்தில் அடித்தேன்.

உதடு பிளந்தது. பல் தெறித்துத் தளத்தில் ஓடியதைப் பார்த்தேன், இரண்டு. அவன் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது அடி தேவைப்படவில்லை என்று சொல்லவா? இரண்டாவதுக்கே கட்டையை ஓங்க முடியவில்லை, வலது கையில் தூண்டில் தொங்குகிறது, அதில் கம்பி தொங்குகிறது, அறுந்த தாய்க்கயிற்றின் துண்டு தொங்குகிறது, அது அவன் காலில் போய்ச் சுற்றிக்கொண்டது.

அவன் எழுந்து என்னைக் கடலில் தள்ளியிருக்கலாம். பார்க்க யாரும் இல்லை. ஸ்ராங்கு கூண்டில், மற்றவர்கள் ஐஸ் அறைக்குள். அவன் என்ன செய்தான் தெரியுமா? சட்டையைக் கழற்றி வாயில் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் தளத்தைத் தடவி அந்தக் கட்டரைத் தேடி எடுத்தான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"மாமா, கையைப் பாக்காண்டாம், அந்தால பாருங்க" என்றான். பல் இல்லாமல் காற்றாக வந்தது.

புறங்கையில் வெளியே நின்ற முனையைக் கட்டரால் கடித்து எடுத்தான். பிறகு தூண்டிலை வந்த வழியாகவே உருவினான். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. அந்த ஒன்றைத்தான் நான் எண்ணவில்லை. அவன் வாயிலிருந்து என் கையில் சொட்டிக்கொண்டே இருந்தது. எது என் ரத்தம், எது அவனுடையது என்று தெரியாத மாதிரி ஆகிவிட்டது.

ஸ்ராங்கு சாயங்காலம் வரைக்கும் மறுமுனை மிதவையைத் தேடிப் படகை ஓட்டினார். நீரோட்டம் எங்கே கொண்டுபோனதோ, கிடைக்கவில்லை. அந்தத் தூண்டில்கள் இன்னும் அங்கே இரையில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இனி அந்தப் பொய்க்கு வருகிறேன். ஸ்ராங்கு கேட்டபோது, மெஷினில் முகம் தட்டிவிட்டது என்றான். ஆமை பாய்ந்தது, மாமா கை மாட்டிக்கொண்டது, நான் மெஷினில் விழுந்தேன். இவ்வளவுதான் சொன்னான். கம்பி யார் கட்டியது என்று சொல்லவில்லை. கோடாலியைச் சொல்லவில்லை. கொச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் அவன் உதட்டைத் தைத்துக்கொண்டே, "இது அடிபட்ட காயம் மாதிரி இருக்கே, போலீஸுக்கு எழுதணுமா?" என்று கேட்டார். நான் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை. "நான்தான்..." என்று வாயைத் திறந்தேன். அவன் கட்டிலுக்குக் கீழே என் காலை ஓங்கி மிதித்தான். பாதி தைத்த வாயோடு "மெஷின் சார், மெஷின்" என்றான்.

பெரியவனின் காலை மிதிக்கிறான். டாக்டரிடம் கூசாமல் பொய் சொல்கிறான். அதற்கு நான் அவனிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், "எதுக்குலே பொய் சொன்னே?" என்று. சிரிக்கிறான். அந்த இரண்டு பல் இல்லாத இடத்தைக் காட்டிச் சிரிக்கிறான். உங்களிடமும் மெஷின் என்றுதானே சொன்னான்? பெண் கேட்கப் போன இடத்திலும் பொய். நான் அடித்தேன் என்று சொன்னால் என்ன, நான் மறுக்கப் போகிறேனா?

என் கையையா பார்க்கிறீர்கள்? மூன்று விரல் மடங்காது. டீ கிளாஸைக்கூட இடது கையில்தான் பிடிக்கிறேன். கடலுக்குப் போக முடியவில்லை. அவன் கரைக்கு வந்தால் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இங்கே வந்து நிற்பான். இப்போது அந்தப் படகில் எல்லாம் வட்டத் தூண்டில், எல்லாம் தங்கூசி. கட்டுவதற்கு ஊரில் ஆளா இல்லை? என்னிடம் கொண்டுவந்து கொட்டுவான். "மாமா, கட்டித் தாங்க. எண்ணியும் வையுங்க, எனக்கு எண்ணுனா தப்பிப் போவுது" என்பான். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, எண்ணத் தெரியாதாம். இடது கையும் பல்லுமாக நான் கட்டிக் கொடுக்கிறேன். எண்ணத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி நடத்துவான்? அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தாய்க்கயிற்றில் கத்தி வைக்கிறவன். பொய் சொல்கிறவன். எண்ணத் தெரியாதவன். எனக்கு ஒரு மகள் இருந்தால் நான் கொடுக்க மாட்டேன். உள்ளதைச் சொல்லிவிட்டேன், இனி உங்கள் பாடு.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? மருமகள் டீ கொண்டுவருகிறாள், குடித்துவிட்டுப் போகலாம். ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்? இந்த வீட்டில் புகை அதிகம், ஜன்னலைத் திறக்கச் சொல்கிறேன்.

அண்ணாச்சி, நில்லுங்கள். பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம். நீங்கள் போவது கோயிலைச் சுற்றி அவன் வீட்டுக்குப் போகிற வழி.

தெரிந்துதான் போகிறீர்களா?

சரி. போவதுதான் போகிறீர்கள், ஒரு உதவி செய்யுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது பாருங்கள், நாளைக்குப் படகு ஏற வேண்டியது. அதை அவனிடம் கொடுத்துவிடுங்கள். முந்நூறு இருக்கிறது. பார்த்துத் தூக்குங்கள், வழியில் ஒன்றும் விழக்கூடாது. விழுந்தாலும் பயமில்லை, வட்டத் தூண்டில்தான், யார் காலிலும் ஏறாது.

ஆனாலும் எண்ணிக் கொடுங்கள்.